மதினியின் மோட்டார் வகுப்பு

நரிக்குடி,
12.10.2024

அன்பு மாரீஸ்வரிக்கு,

மதினி எழுதுவது. உங்கள் விளையாட்டு விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொள்வதால் எனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. நீதான் பதில் போடச் சோம்புகிறாய். கபடியில் மாவட்ட அணிக்கு நீ தேர்வானதை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

நானும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அருப்புக்கோட்டையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். பதினான்கு பேரில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் ஒருவர், "தையல் கிளாஸு மாடியில இருக்கும்மா" என்று வழி காட்டினார். உன் அண்ணனிடமும் தையல் என்றே சொல்லியிருக்கிறேன். நீயும் வாயைத் திறக்காதே.

பாசமுள்ள மதினி,
முத்துப்பேச்சி

மதுரை,
3.12.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "உங்க மதினி பெரிய ஆளுதான்" என்கிறார்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். போன மாதம் ஆட்டத்தில் வலது முழங்கால் திரும்பிவிட்டது. ஆறு மாதம் விளையாடக்கூடாதாம். விளையாடாவிட்டால் விடுதியில் இடம் இருக்குமா என்று தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் கூட்டிப்போய், பாலவனத்தத்து மாப்பிள்ளைப் பேச்சை மறுபடி எடுப்பார். அப்பா அம்மா இருந்திருந்தால் அவர்களிடமாவது அழலாம். சொல்லிவிடாதீர்கள் மதினி.

மாரீஸ்வரி

நரிக்குடி,
18.1.2025

அன்பு மாரீஸ்வரிக்கு,

பொங்கலுக்கு முந்தின நாள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. பண்டிகை நேரம், மெக்கானிக் யாரும் வர மாட்டேன் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஊராட்சித் தலைவரிடம் போய் நான் பார்க்கிறேன் என்றேன். ஆட்கள் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே இழுத்துப் போட்டார்கள். பயிற்சிக் கூடத்தில் செம்புக் கம்பி வாங்கிவந்து, ஒன்றரை நாள் உட்கார்ந்து காயில் கட்டினேன். உன் அண்ணன் குடத்தோடு கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் வந்தது. இரண்டு குடத்தையும் அவரே தூக்கி வந்தார். சாப்பிடும்போதுதான் கேட்டார்: "எங்கிட்ட ஏன் மறச்ச? நான் அம்புட்டு மோசமானவனா?"

அதற்குமேல் ஒன்றையும் மறைக்க என்னால் முடியவில்லை. உன் காலைப் பற்றியும் சொல்லிவிட்டேன். என்னை நம்பித்தானே எழுதினாய், மன்னித்துக்கொள். வருகிற சனிக்கிழமை அங்கே வருகிறார். என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

முத்துப்பேச்சி

மதுரை,
20.2.2025

அன்புள்ள மதினிக்கு,

இத்தனை நாள் கோபத்தில்தான் எழுதவில்லை. அண்ணன் வருகிறார் என்றதும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். அவர் என் காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு பயிற்சியாளரிடம் போய், "இவளுக்குக் கால் சரியாகுற வரைக்கும் இங்க இடம் குடுப்பீகளா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க உதவினால் வைத்துக்கொள்வதாக அவர் சொன்னார். "அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்" என்றார் அண்ணன் என்னிடம். பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்ததும் அவர்தான். நான் அழுதுகொண்டு நின்றேன்.

கிளம்பும்போது வாசலில் என் தோழிகள் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "இவ மதினி மோட்டார் மெக்கானிக்கு. எங்க ஊருக்கே அவ கட்டுன காயில்லதான் தண்ணி வருது" என்றார். பஸ் வரும்வரை மூன்று முறை சொல்லிவிட்டார்.

இதை உங்களிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

உங்கள்
மாரீஸ்வரி