காணும் என்றீர்கள்

நேற்றுப் பகல் நம் மகள் ஸஹ்னா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கைத்தொலைபேசியில் எதையோ அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் ஏழாம் மாடிக்கே சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். பிரித்ததும் கறி வாசத்துக்கு முன்னால் வேறொரு வாசம் வந்தது. சோறு சுற்றுகிற லன்ச் சீட் இருக்கிறதல்லவா, அந்த மெல்லிய பொலித்தீன் தாள், அது சூடு பட்டால் ஒரு மாதிரி மணக்கும். மற்றவர்களுக்கு அது நல்ல வாசமே இல்லை. எனக்கு உங்கள் ஞாபகம் வந்து, சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஸஹ்னா கறியை அள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள். நான் "போதும்" என்றேன். உம்மா இப்போது கொழும்பு ஆளாகிவிட்டா, ஊரில் என்றால் "காணும்" என்றுதானே சொல்லுவா என்று அவள் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். நீங்கள் போனதிலிருந்து நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. ஏன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மௌத்தாகி அடக்கமான ஆளுக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்குத் தலை குழம்பிவிட்டதா என்று நீங்கள் நினைத்தால் நினையுங்கள். குழம்பித்தான் போயிருக்கிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து கொழும்பில் இருந்தது அந்த ஒரு தடவைதான். காலமெல்லாம் சாய்ந்தமருதிலிருந்து பேலியகொடைச் சந்தைக்கு ஐஸ் மீன் லொறி ஓட்டிய நீங்கள், மருந்து ஏற்றுவதற்காக வேனின் பின் ஆசனத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தீர்கள். வரும் வழியெல்லாம் ஓட்டுநரின் பிறேக்கைக் குறை சொல்லிக்கொண்டே வந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். அந்த வாடகைக்கு ஊரில் ஒரு கலியாணமே முடித்திருக்கலாம் என்று நான் புலம்பினேன்.

முதல் நாள் காலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குள் நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரெல்லாம் சாப்பாட்டுப் படங்கள். ஒரு முட்டை அப்பத்தின் விலையைப் பார்த்துவிட்டு, இதற்குள் இருப்பது முட்டையா, முழுக் கோழியா என்று நான் கேட்டேன். கடைக்காரருக்கு அது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கிவிட்டது. சுகமில்லாத உடம்போடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"படம் போட்ட கடைக்குள்ள போகாத புள்ள. அந்தப் படத்துக்கும் நாமதான் காசு குடுக்கணும்" என்றீர்கள்.

அதன் பிறகு சாப்பாட்டு விஷயத்தை நீங்களே பொறுப்பெடுத்துக்கொண்டீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் நான் உங்கள் கையைப் பிடித்து நடத்த வேண்டியிருந்தது. சாப்பாடு தேடுவதற்கு மட்டும் நீங்கள் முன்னால் நடந்தீர்கள். வரிசையாக ஆட்டோக்கள் நிற்க வேண்டும், உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது, அப்படியென்றால் பக்கத்தில் எங்கேயோ நல்ல சாப்பாடு மலிவாக இருக்கிறது என்பது உங்கள் கணக்கு. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பீர்கள். எதற்கு என்று கேட்டேன். மூக்கை நம்பினால் இந்த ஊரில் எல்லாமே மணக்கும், காதைத்தான் நம்ப வேண்டும் என்றீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தக் குறுகலான ஒழுங்கைக்குள் நுழைந்ததும் விளங்கிவிட்டது. நீண்ட மதில் ஒன்று, அதன் ஓரமாக ஒரு தள்ளுவண்டி, அதில் இடியப்பத் தட்டுகளும் சம்பலும் ஒரு பெரிய பானையில் தேங்காய்ப்பால் சொதியும். லன்ச் சீட் விரித்த சாப்பாட்டுக் கோப்பைகளை ஏந்திக்கொண்டு ஆட்டோக்காரர்கள் நின்றார்கள். வண்டிக்காரர், ஓர் ஆட்டோக்காரருடைய கோப்பையில் சொதியை ஊற்றிக்கொண்டே, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: "காணுமா காக்கா?"

நீங்கள் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். "கேட்டியா? நம்மட ஆள்."

கொழும்பில் எல்லோரும் போதுமா என்பார்கள். காணுமா என்று கேட்டால் அவர் நம் பக்கத்து ஆள்தான். அவருடைய ஊர் அட்டாளைச்சேனை என்று தெரிந்தது. உங்களுக்கு அது பெரிய சந்தோசம். காலமெல்லாம் கொழும்புக்கு லொறி ஓட்டியும் இவரைத் தெரியாமல் போயிற்றே என்று உங்கள் மேல் உங்களுக்கே கோபம் வேறு. அந்த மனிதருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அகப்பையைப் பானைக்குள் விட்டால், நாம் காணும் என்று சொல்லும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார். சிலவேளை காணுமா என்று கேட்பார். சிலவேளை கேட்காமலே ஊற்றுவார். அந்தக் கடைசி நாள் காலையில் அவர் கேட்டாரா, கேட்கவில்லையா என்பதில்தான் இப்போது என் தலையே சுற்றுகிறது.

எனக்குத் தெருவில் நின்று சாப்பிட வெட்கமாக இருந்தது. நம் ஊரில் எந்தப் பொம்புளை நடுத்தெருவில் கோப்பையோடு நின்றாள்? அபாயாவைப் போட்டுக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி, மதிலைப் பார்த்துக்கொண்டுதான் நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மதிலுக்கு என்னடி கதை சொல்கிறாய் என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். நான் திரும்ப மாட்டேன். உங்களுடைய குரலும் வண்டிக்காரருடைய குரலும் ஆட்டோக்களின் சத்தமும் எனக்கு முதுகுக்குப் பின்னால்தான்.

பிறகு டொக்டர் நம்மைக் கூப்பிட்டார். இன்னுமொரு சுற்று மருந்து ஏற்றலாம், கேட்கவும் கூடும், கேட்காமலும் போகக் கூடும், உடம்பு தாங்காமலும் போகலாம், நீங்கள் இருவரும் கதைத்து முடிவெடுத்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார். அறைக்கு வந்தோம். நீங்கள் சொல்லட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லட்டும் என்று நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ என்னவோ. லொறியின் டயர் விலையைப் பற்றிக்கூடக் கதைத்தோம். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல வண்டிக்குப் போனோம். நான் மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சம்பலில் அன்று உப்புக் கொஞ்சம் கூட. அதைச் சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் உங்கள் குரல் கேட்டது.

"காணும்."

அவ்வளவுதான். புள்ள என்று சேர்த்திருந்தால் எனக்குச் சொன்னது என்று எடுத்திருப்பேன். தம்பி என்று சேர்த்திருந்தால் சொதிக்கு என்று விட்டிருப்பேன். ஒன்றும் சேர்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். உங்கள் இடது கை கோப்பையை மூடியிருந்தது. நீங்கள் என்னையும் பார்க்கவில்லை, வண்டிக்காரரையும் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வண்டிக்காரர் அதற்குள் அடுத்த ஆளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

இரவெல்லாம் நான் காத்துக்கிடந்த பதில் அதுதான் என்று என் மனம் பிடித்துக்கொண்டது. என்ன காணும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது அழுகை வந்துகொண்டிருந்தது, தெருவில் அழக் கூடாதே என்று மறுபடி மதிலைப் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். நான் சொன்னேன்: "இவருக்குக் காணுமாம். வீட்ட போகப் போறமாம்." தாதி அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னா. டொக்டர் உங்களைப் பார்த்தார். நீங்கள் உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஓம் என்றும் இல்லை என்றும் சொல்லவில்லை, நான் சொன்னதைக் கவனித்தீர்களோ என்னவோ. அன்றே ஊருக்குப் புறப்பட்டோம். திரும்பும் வழியில் பிறேக்கைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சக் காலம் நன்றாகத்தான் இருந்தீர்கள். கடற்கரைக்குப் போய்த் தோணி வரும் நேரம் பார்த்து மீன் வாங்கினீர்கள், விலை பேசினீர்கள், அறுக்குளாவை நானே வெட்டுவேன் என்று கத்தியைப் பிடுங்கினீர்கள். அப்போதெல்லாம் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்தது நோன்புப் பிறைக்கு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பின்னேரத்தில். நீங்கள் பாயில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டீர்கள்.

"அந்தக் கொழும்பு மருந்து முடிஞ்சா?"

"ஓம்" என்றேன்.

"முழுக்கவா?"

"ஓம், முழுக்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்த நோன்பை நீங்கள் முழுதாகக் காணவில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு விடை வரவில்லை. அந்தத் தொல்லை முடிந்ததே என்றுதான் அல்லாஹ்வைப் புகழ்ந்தீர்களா? இல்லாவிட்டால், ஏற்ற வேண்டிய மருந்தையெல்லாம் ஏற்றி முடித்தாயிற்று, இனிச் சுகம் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தீர்களா? அப்படி நம்பியிருந்தால், அன்று நீங்கள் காணும் என்றது வெறும் சொதியைத்தான். சொதிக்குச் சொன்னதை நான் டொக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டேன். பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தியவள் நான். என் புருசன் சொன்ன ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் இருக்கிறேன். ஸஹ்னா என்னைத் தேற்றும்போதெல்லாம், அது வாப்பாட முடிவுதானே உம்மா என்கிறாள். நான் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விடுகிறேன்.

நேற்று அந்த லன்ச் சீட் மணந்ததிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். வண்டிக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். அன்று அவர் காணுமா என்று கேட்டிருந்தால் உங்கள் பதில் அவருக்கு. கேட்கவில்லையென்றால் எனக்காகவும் இருக்கலாம்.

இன்று காலை மகளிடம் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, தெஹிவளையில் பஸ் ஏறி அந்த ஒழுங்கைக்குப் போனேன். ஒழுங்கை இருந்தது, மதிலைக் காணவில்லை. அந்த இடத்தில் உயரமாக ஒரு கட்டடம், கீழே கண்ணாடிக் கடை, கண்ணாடியில் கோப்பியின் படம், கோப்பியின் மேல் நுரையில் ஒரு பூ. காவலாளி இங்கே எந்தக் காலத்திலும் வண்டி நின்றதில்லை என்றார். வெற்றிலை விற்கிற பெண் அவர் டுபாய்க்குப் போய்விட்டார் என்றா. ஓர் ஆட்டோக்காரர் அவர் மௌத்தாகிவிட்டார் என்றார், நான் இன்னாலில்லாஹி சொல்லி முடிப்பதற்குள், இல்லை, அது வேறு ஆள் என்றார். ஒரே தெருவில் ஓர் ஆளைப் பற்றி இவ்வளவு கதையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இது சரியான ஒழுங்கைதானா என்றும் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு நீங்கள் செய்வதைச் செய்தேன். வெறும் ஆட்டோக்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். ரயில் பாதைப் பக்கம் வரிசையாக நின்றன, உள்ளே ஒருவரும் இல்லை. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே காதில் விழுந்தது: "காணுமா?" ஒரு கணம் நீங்கள் என் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அவருடைய தாடி வெளுத்துவிட்டது. என்னை அவருக்குத் தெரியவில்லை. உங்களைப் பற்றிச் சொன்னேன். மெலிந்த ஆள், மீன் லொறி ஓட்டியவர், கட்டம் போட்ட சாரன், ஆஸ்பத்திரியிலிருந்து வருவார் என்றேன். அவர் அகப்பையை வைத்துவிட்டு யோசித்தார். பாவம், உண்மையாகவே யோசித்தார்.

"ஆஸ்பத்திரியால வாற எல்லாரும் மெலிஞ்ச ஆக்கள்தானே ராத்தா" என்றார்.

நோயில் ஏலாத ஆட்களிடமும் காணுமா என்று கேட்பீர்களா என்று கேட்டேன். சிலவேளை கேட்பேன், சிலவேளை முகத்தைப் பார்த்து நானே நிறுத்திவிடுவேன் என்றார். இதைக் கேட்கவா தெஹிவளையிலிருந்து வந்தேன் என்று அவருக்கு ஆச்சரியம். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனால் அவரில் கோபம் வரவில்லை. எத்தனை பேருக்கு ஊற்றியிருப்பார்.

"இரிங்க ராத்தா, திண்டுட்டுப் போங்க" என்று கோப்பையில் இடியப்பத்தை வைத்தார். சூட்டில் லன்ச் சீட் மணந்தது. இந்தத் தடவை நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிற வருகிற எல்லோரும் தெரிந்தார்கள். இப்படி நின்றிருந்தால் அன்று உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேன். சொதி இடியப்பத்தை மூடியது, கோப்பையின் விளிம்புக்கு வந்தது.

"காணுமா ராத்தா?"

வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. நான் அந்த மனிதரைப் பார்க்கவில்லை, தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியா தம்பி" என்றேன். "எனக்குத் தெரியா."

அவர் சொதியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தார். தலையை ஆட்டிவிட்டு, இன்னும் ஓர் அகப்பை ஊற்றினார்.

அதையும் சாப்பிட்டு முடித்தேன். சரியான பசியோடு வந்த பொம்புளை என்று நினைத்திருப்பார்.