மிதிபடக் கேட்டவள்

அண்ணாமலை நகர்,
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கயல்விழி எழுதுவது. நலம்தானே? மாலதி அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். கிழிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் நம் ஊர் சிவன் கோயில் திருப்பணியில், பழைய தளக் கற்களைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போடப்போகிறீர்களாம். கமிட்டித் தலைவரே நீங்கள்தானாம். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். கருவறைக்குப் போகும் வாசலில், தரைக்கல்லில் செதுக்கிய உருவமாகக் குப்புற விழுந்து கும்பிடுகிறாளே பூவம்மாள், அந்தக் கல்லை மட்டும் தொடாதீர்கள். மண்டபத்தைக் கட்டிய நம் வம்சத்துப் பெண் அவள். அவளுக்கென்று உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

இங்கிலாந்தில் இரண்டு வருடம் ஆராய்ச்சி என்று என்ன கிழித்தாய் என்று நீங்கள் கேட்டதே இல்லை. நானே சொல்கிறேன். தோர்ன்வெல் என்று ஒரு குடும்பம். அறுநூறு வருடத்துக்கு முன் ஒரு கிராமத்தில் பெரிய நிலக்காரர்கள். நம்மைப் போலத்தான், அலட்டல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. செத்தவர்களின் உருவத்தைப் பித்தளைத் தகட்டில் வெட்டி சர்ச் தரையில் பதித்து வைத்தார்கள். மொத்தம் ஒன்பது. பாதியை உலோகத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மீதியைத் திருடன் தொடவில்லை அண்ணா. தளத்தை அழகாக்க ஆசைப்பட்ட ஒரு நல்ல மனிதர், மரியாதையோடு எடுத்து ஓர் அறையில் பத்திரப்படுத்தினார். அங்கிருந்து எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. இன்று அந்த வம்சத்துக்கு ஒரு முகம்கூட மிச்சமில்லை.

அந்த நல்ல மனிதராக நீங்கள் ஆகிவிடக் கூடாது.

அன்புத் தங்கை,
கயல்விழி


திருப்பாதிரிப்புலியூர்,
11.1.2025

தங்கை கயல்விழிக்கு அண்ணன் இளவரசு எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பொங்கல் சீரை சிதம்பரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். சண்டை இருந்தாலும் சீர் நிற்காது.

அப்பா கடலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். "கயலு வந்துட்டாளாடா?" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ எவனோ வெள்ளைக்காரனின் சமாதியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். இப்போது வம்சத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

பூவம்மாளை நான் குப்பையிலா போடப்போகிறேன்? பிரதோஷத்துக்குப் பிரதோஷம் ஊர்க் கால் அத்தனையும் அவள் முதுகில் விழுகிறது. பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிகிறது. அவளை எடுத்துச் சுவரில் நிமிர்த்திப் பதித்து, மாலை போட்டு, பெயர் எழுதி வைக்கப்போகிறேன். 23ஆம் தேதி வியாழன் காலை கல் வேலைக்காரர் உத்திராபதி வருகிறார். இனிப் பேச்சில்லை.

இளவரசு


அண்ணாமலை நகர்,
18.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சீர் வந்தது. பானையில் அண்ணி கட்டியிருந்த மஞ்சள் கொத்து வாடாமல் வந்து சேர்ந்தது.

அப்பா விஷயத்தில் நான் செய்தது தப்பு. டிக்கெட் கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னது பொய். இன்னும் நாலு நாளில் வேலை முடிந்துவிடும், அதுவரை இருப்பார் என்று நினைத்தேன். அதற்காக நான் அழாத நாள் இல்லை.

அந்தக் குற்றத்துக்காகப் பூவம்மாளை விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்லின் ஓரத்தில் இருக்கும் வரியைப் படித்திருக்கிறீர்களா? "அடியார் பாதத் தூளி என் தலைமேல்." மண்டபம் கட்டிய சீமாட்டி, உள்ளே வருகிற ஒவ்வொருவர் கால் தூசியும் தன்மேல் படவேண்டும் என்று கேட்டுத்தான் வாசலில் படுத்திருக்கிறாள். மாலையா கேட்டாள்? நிமிர்த்தி வைத்தால் அவள் கேட்ட ஒன்றையும் பிடுங்கிக்கொள்வீர்கள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அந்தக் கல்லின்மேல் படுத்துக்கொள்வேன். பெயர்ப்பதானால் முதலில் என்னைத் தூக்குங்கள்.

கயல்விழி


திருப்பாதிரிப்புலியூர்,
27.1.2025

அன்புத் தங்கை கயல்விழிக்கு,

அன்று ஊர் முன்னால் "எந்திரிடி!" என்று உன்னைப் பார்த்துக் கத்தியது என் தப்பு. நீ அசையவில்லை. உத்திராபதிதான் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, "பொம்பளப் புள்ள படுத்திருக்கிற எடத்துல நான் கை வெக்க மாட்டேங்க, வூட்டுக்குப் போறேன்" என்று நடையைக் கட்டினார். சாயங்காலம் வரை கிடந்தாய். ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பஸ் ஏறினாய். அவ்வளவு வீம்பு.

நீ போன பிறகும் நான் கோபத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கீரை விற்கிற செல்லாயி வந்தாள். வாசலில் நின்று, குனிந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்தா தாயி" என்று சொல்லிவிட்டுப் பூவம்மாள் முதுகில் கால் வைத்து உள்ளே போனாள். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் வீட்டில் மட்டும் யாரும் அவளை மிதித்ததில்லை. மரியாதை என்று தாண்டியே பழகிவிட்டோம். ஊர் கொடுத்ததை நாம் கொடுக்கவே இல்லை. எழுந்துபோய்க் கால் வைத்தேன். வாய்விட்டு அழுதேன், அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

உத்திராபதியிடம் பேசிவிட்டேன். கிரானைட் அவள் விளிம்போடு நின்றுவிடும்.

அப்பா விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. டிக்கெட் பொய் என்று தெரிந்தபின் கூடுதலாகவே எரிகிறது. அதற்கு நாளாகும். பிப்ரவரி பத்தாம் தேதி கும்பாபிஷேகம், பத்திரிகை இத்துடன் இருக்கிறது. வந்துவிடு.

அன்றைக்கு நாள் பூரா அவள்மேல் படுத்திருந்தாயே தவிர, எழுந்து உள்ளே கும்பிடப் போகும்போது நீயும் தாண்டித்தான் போனாய். நான் பார்த்தேன். இந்தத் தடவை தாண்டாதே. மிதித்து உள்ளே வா.

உன் அண்ணன்,
இளவரசு