பதினோரு பெயர்கள்

துர்ரெஸ்,
மார்ச் 9

அன்புத் தம்பி யூல்பெருக்கு,

அக்கா ஹைரியே எழுதுகிறேன். முழங்கால் போனது தவிர நான் திடமாகத்தான் இருக்கிறேன். உன் நெஞ்சில் குழாய் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். உப்பைக் குறை. சின்ன வயதிலேயே ஊறவைத்த ஆலிவ்காயை ஜாடியோடு காலி பண்ணுகிறவன் நீ.

உன் கடிதத்தைப் பேத்தி எலோனா இரண்டு தடவை படித்துக் காட்டினாள். மூன்றாம் தடவை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேசியக் கூடைப்பந்து அணியில் ஆடிய பழைய ஆட்களையெல்லாம் மே மாதம் திரானாவுக்குக் கூப்பிட்டு, அரங்கத்தின் நடுவில் நிறுத்திப் பெயர் வாசிக்கப் போகிறார்கள். உனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. 'நீ வரச் சொன்னால்தான் வருவேன் அக்கா, இல்லாவிட்டால் இந்த டெட்ராய்ட்டிலேயே கிடந்து சாகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் நீ கேட்ட முதல் அனுமதி இது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் போகும்போது கேட்கவில்லை.

பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை வாயை மூடிக்கொண்டு கேள். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

அணியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிற பெண் ஒருத்தி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். பிராகாவில் தோற்றது, சோஃபியாவில் தோற்றது, யார் கால் ஒடிந்தது, யார் அழுதான், எந்தச் சட்டை வெளுத்ததும் சுருங்கியது, எல்லாம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு. "பாட்டி, ஜெயிச்சது ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?" என்றாள். "ஜெயிச்சத ஊரே ஞாபகம் வெச்சுக்கும்டி. தோத்ததுக்குத்தான் ஆள் வேணும்" என்றேன். அப்புறம் அவள் எழுபத்துநாலாம் வருஷத்து இஸ்தான்புல் பட்டியலை எடுத்தாள். பதினோரு பெயர், கடைசி வரி காலி. "இங்க யாரு பாட்டி?" என்றாள். உன் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அந்தச் சாயங்காலத்தை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இஸ்தான்புல்லில் இரண்டாவது ஆட்டம். நம் கூடத்தில் வானொலி. ஆட்டத்துக்கு முன் பெயர் வாசிக்கும்போது அம்மா ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மொச்சைக்கொட்டையை மடியில் போடுவாள், உனக்குத் தெரியும். உன் பெயர் கடைசி. அன்றைக்குப் பதினொன்றோடு நின்று ஆட்டம் தொடங்கிவிட்டது. "காய்ச்சலா இருக்கும்" என்று நான் சொன்னேன். அம்மா கையில் மிஞ்சிய கொட்டையைத் திரும்பப் பானையில் போட்டாள். ஆட்டம் முடிகிற வரைக்கும் இருந்து கேட்டாள். முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம்.

நாலாம் நாள் ரகசியப் போலீஸின் தோல்சட்டைக்காரர்கள் வந்து, நீ அணியை விட்டு அந்த நாட்டிலேயே ஓடிவிட்டாய் என்றார்கள். நீ கிளம்புமுன் வீட்டில் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாள் வந்ததே, 'இவன் திரும்பி வருவான், நான் பொறுப்பு' என்று, அதை மேசைமேல் விரித்தார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். "எனக்குக் கை நடுங்குது, நீ போடு" என்று பேனாவை என்னிடம் தள்ளியிருந்தாள். போட்டவள் நான். அப்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தாய்.

வெஹ்பி ஒரே வாரத்தில் என்னை விவாகரத்து பண்ணினான். புருஷன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வாரம்கூட அவனால் தாங்க முடியவில்லை. செத்துப்போய்விட்டான். அவன் கல்லறைப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருக்கூட்டத்தில் உங்கள் அணித்தலைவன் பாந்தெலி எழுந்து, "இது பாம்புப் புத்து, அடியோட இடிக்கணும்" என்று கத்தினான். முதல்நாள்வரை அம்மா கையால் கீரை வைத்துச் சுட்ட பியூரெக் தின்றவன். அவனும் மே மாதம் வருகிறான், உன் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். போன வருஷம் மீன்சந்தையில் கையை நீட்டி, "ஹைரியே, பழசையெல்லாம் மறந்துடலாமே" என்றான். "நீ மறந்துட்டியா பாந்தெலி? இரு, ஞாபகப்படுத்துறேன்" என்று அவன் அன்றைக்குப் பேசியதை ஒரு சொல் விடாமல், மீன்காரிகள் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஒருத்தி, "அய்யோ பாவம், கெழவன் வாங்கின மீன விட்டுட்டுப் போறான் பாரு" என்றாள். அந்த மீனை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல மீன்.

அம்மாவையும் என்னையும் என் நாலு வயசு மகனையும் லாரியில் ஏற்றி, சதுப்புநிலத்து ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் இறக்கினார்கள். பதினாறு வருஷம். பருத்திக் காடு, வாய்க்கால், கொசு. அங்கே ஒரு பந்து கிடையாது, பந்து தட்டக் கெட்டித்தரையும் கிடையாது, எங்கும் சேறு. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் படுக்கிற நேரத்தில் அம்மா எழுந்து உட்காருவாள். "தட்டுறான் கேளு" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம், ஒரே சீராக, நீ கொல்லையில் தட்டுவாயே அதே மாதிரி. நான் போய்ப் பார்ப்பேன். சேற்றில் ஒரு காலடி இருக்காது. "பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று அம்மாவைத் திட்டியிருக்கிறேன். அவள் செத்து ஒன்பதாம் நாள் மதியம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. இந்த நாலாம் மாடியிலும் கேட்கிறது. எலோனா தண்ணீர்க்குழாய் என்கிறாள். குழாய்க்கு இடதுகை வலதுகை மாற்றத் தெரியுமா?

தொண்ணூற்றிரண்டில் உன் முதல் கடிதம் வந்தபோது ஒரே வரி எழுதினேன்: அம்மா எண்பத்துமூன்று பிப்ரவரியில் போய்விட்டாள். அப்புறம் நீ எழுதிய எதற்கும் பதில் போடவில்லை. ஒரு விஷயம் இருந்தது, அதை உனக்குத் தரக்கூடாது என்று வைத்திருந்தேன்.

அம்மா கனவில் வருகிறாள், வாசலில் வெறும் குடத்தோடு நிற்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவளுக்கு என்மேல் தீராத கோபம் என்று எழுதியிருக்கிறாய். கேள். ஊருக்குப் போகிறவன் பின்னால் தண்ணீர் ஊற்ற அம்மா ஒருநாளும் தவறினதில்லை, தண்ணீர் மாதிரி போய்த் தண்ணீர் மாதிரி திரும்பணும் என்று. பக்கத்து ஊருக்கு ஆடப் போனால்கூட ஊற்றுவாள். அந்த ஒரு தடவை அவள் குடத்தை நிரப்பவே இல்லை. நீ பஸ் ஏறினாய், அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் மறதி என்று நினைத்தேன்.

கடைசி வாரம் கொட்டகையில் அவளே சொன்னாள். "நான்தான் ஊத்தல. இங்க இருந்தா, அரசாங்கத்தையே பேசுற அவன் வாயே அவன தின்னுடும்னு தெரியும்." சரி, கையெழுத்தை ஏன் என்னைப் போட வைத்தாய் என்று கேட்டேன். சாகக் கிடக்கிறவளைப் பிடித்து உலுக்கியே கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன். "கட்டிக்குடுத்தவ வேற வீட்டுக்காரிடி. அந்த வீட்டுச் சோத்துல கைவைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். பழங்கணக்கு. தப்பாப் போச்சு" என்றாள். தகப்பன் வீட்டுப் பகை கட்டிக்கொடுத்த பெண்ணைத் தொடாது என்று அவள் பாட்டி காலத்துச் சட்டம். வந்தவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

ஆகவே உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கனவில் அவள் முகத்தைத் திருப்புவது என்னைப் பார்க்க முடியாமல். முப்பது வருஷமாக இதைச் சொல்லாமல் உன்னை வாட்டியது நான். அதற்காக நான் வருத்தப்படவில்லை, கொஞ்சம்தான்.

இப்போது பதில். வா. அரங்கத்தில் உன் பெயர் வாசிக்கட்டும். பாந்தெலியோடு கை குலுக்காதே, குலுக்கினால் நான் எழுந்து போய்விடுவேன். அம்மாவை மேட்டு மயானத்துக்கு மாற்றிவிட்டோம், முதலில் அங்கே போவோம். என் வீட்டில் தங்கு, கட்டில் இருக்கிறது. என்னை அக்கா என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடு.

ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். என் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்காதே யூல்பெர். கேட்டால் கொடுத்துவிடுவேன். இவ்வளவு காலம் அதைக் கொடுக்காமல் இருப்பதில்தான் நான் உயிரோடு நின்றேன். கொடுத்துவிட்டால் மறுநாள் எதற்காக எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியாது.

ஆண்டவன் உன்னை என் கண்முன் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

உன் அக்கா,
ஹைரியே