செவலை இருந்த இடத்தில் கட்டிய குட்டி

சுருளிப்பட்டி
ஆனி 20, 1974

என் குருவிக்கு,

உங்கய்யா, நான், உன் தங்கச்சி பஞ்சம்மாள் மூவரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் தடுமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேலப்பரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவும் முடிந்துவிட்டது. போன காகிதத்திலும் செவலை எப்படி இருக்கு, சோறு ஒழுங்காத் திங்குதா என்று கேட்டிருந்தாய். பட்டாளத்துல இருக்கிற பிள்ளைக்கு நாய்ச் சேதி எதுக்குடி என்று உங்கய்யா தடுத்ததால் நானும் சும்மா இருந்தேன். இனிமேல் முடியாது. செவலை செத்துப்போச்சு சாமி. தானாகச் சாகவில்லை, அடித்துக் கொன்றுவிட்டார்கள். அடித்தது வேற்றாள் இல்லை, உன் சித்தப்பன் அம்மாவாசி.

வைகாசிக் கடைசியில் அவன் மகனுக்குக் காது குத்திக் கிடா வெட்டினார்கள். மறுநாள் நான் நாற்றுப் பறிக்கப் போய்விட்டேன். செவலை வாயை மூட மாட்டாமல் எச்சில் ஒழுக ஒழுகத் தெருவில் வந்திருக்கிறது. தொட்டித் தண்ணீரில் வாயை வைத்துவிட்டுக் குடிக்க முடியாமல் திரும்பியிருக்கிறது. ஆத்தே, வெறி புடிச்சிருச்சு, பிள்ளைகள உள்ள இழுங்க என்று ஒருத்தி கத்தினாளாம், அவ்வளவுதான், உலக்கையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடினவன் அவன். அவன் தோட்டத்தில் இறங்கின காட்டுப்பன்றியையும் சேர்த்து விரட்டின நாய். அது ஓடக்கூட இல்லையாம், தெரிந்த ஆள்தானே என்று வாலை ஆட்டிக்கொண்டு அவன் கிட்டவே போச்சாம். நான் சேற்றுக் காலோடு வந்தபோது சாக்கில் கிடந்தது. குழி வெட்டின எதிர்வீட்டுச் சுயம்புலிங்கம்தான், மதினி இங்கன பாருங்க என்று அதன் வாயை விலக்கிக் காட்டினான். மேல்வாயில் குறுக்கே ஒரு எலும்பு, இந்தக் கடவாய்க்கும் அந்தக் கடவாய்க்குமாக இறுகிக் கிடந்தது. அவன் வீட்டுக் கிடாயின் எலும்பு. வெறியுமில்லை ஒன்றுமில்லை. எடுத்துப்போட ஒரு விரல் போதும்.

அதற்கப்புறம் அவன் நம் வாசலுக்கு வரவில்லை. போன வெள்ளிக்கிழமை, லோயர் கேம்பில் கரண்டு ஆபீஸ்காரர் வீட்டில் வாங்கினேன் என்று ஒரு கருப்புக் குட்டியைக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமல் செவலையின் முளைக்குச்சியில், செவலையின் கயிற்றிலேயே கட்டிவிட்டான். நாய்க்கு நாய் சரியாப் போச்சு மதினி என்று சிரிக்கிறான். நீ உடைச்சது என்ன சட்டியா பானையா, வேற வாங்கி வைக்க என்று கேட்டேன். விடு கழுத, கூடப் பிறந்தவன் மூஞ்சில அடிச்ச மாதிரி பேசாத என்று உங்கய்யா என்னைத்தான் அதட்டினார். அவன் மனசு நோகக் கூடாது. என் மனசு களத்து வைக்கோல், யாரும் மிதிக்கலாம்.

குட்டி கத்திக்கொண்டே கிடந்தது. கட்டினவன் வந்து சோறு போடட்டும் என்று இருந்தேன். பஞ்சம்மாள் அழுதாள், அதனால் கஞ்சி ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன்னால் என்னை அறியாமல் அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, பால்பல்தான், விரலைச் சப்பியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. இன்று காலையில் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு குட்டியை அவன் வாசலிலேயே கொண்டுபோய் விட்டேன். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. இன்னொரு நாய் வளர்க்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செவலையை நினைத்தால் அந்த உலக்கை கண்ணில் வராத ஒரு நாள் வரட்டும், நானே போய் ஒன்றைத் தூக்கி வருகிறேன். அவன் கையால் வேண்டாம்.

ஈரச் சாக்சோடு படுக்காதே. லீவு கொடுத்தால் தீபாவளிக்கு வா. சித்தப்பனுக்குக் கோபமாகக் காகிதம் போட்டுவிடாதே, உங்கய்யா என்னைத்தான் ஏசுவார். வேலப்பர் உனக்கு முன்னும் பின்னும் துணை நிற்கட்டும்.

உன்னைப் பெற்ற ஆத்தா
மூக்கம்மாள்

முள் குத்தினால் செவலை உன்னிடமும் என்னிடமும்தான் காலை நீட்டும். அன்றைக்கு அது வாயைத் திறந்துகொண்டு வீடு வீடாக நின்றுவிட்டு, நீ பஸ் ஏறின இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துதான் அடிபட்டதாம். அது என்னையா தேடிச்சு, உன்னையா குருவி?