காம்பரா நம்பர் இல்லாத கிராபிக்ஸ் கார்டு

ஏங்க,

நீங்கள் வயரை இழுத்து உடைத்தது பழைய கார்டின் சாக்கெட்டை. அதனால்தான் நேற்று, பழையதைக் கழற்றாமலே, திரைக்குப் படம் அனுப்பும் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகினேன். லினக்ஸ் தொடங்கும்போது எழுத்துகள் ஓடுகின்றன. படம் வரவேண்டிய நேரத்தில் திரை கறுத்துவிடுகிறது. உள்ளே என்னென்ன கார்டு இருக்கிறது என்று lspci கட்டளையைத் தட்டிக் கேட்டால் இரண்டு கார்டும் இருப்பதாகச் சொல்கிறது. பிறகு ஏன் கறுப்பு என்றுதான் புரியவில்லை.

உங்கள் தவணைப் பரீட்சை வினாத்தாள் உள்ளே பத்திரமாக இருக்கிறது. "அவ தொட்டதாலதான் போச்சுங்க" என்று பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ரொட்டி மூடி வைத்திருக்கிறேன். சம்பல் உறைக்கும், கோபத்தில் அரைத்தது.

ஜெயந்தினி

பின்குறிப்பு: பஸ்ஸை விட்டுவிட்டேன். நம் லயத்து வீட்டு வரிசை முனையில் தபால்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: "ராசம்மான்னு மட்டும் எழுதினா எந்த ராசம்மாங்க? காம்பரா நம்பர் இல்லாட்டி மொத காம்பராவுலதான் போடுவேன்." முதல் காம்பரா அறையில் இருக்கும் ராசம்மா அக்கா யாருடைய கடிதத்தையோ வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸை மறந்து வீட்டுக்கு ஓடிவந்தேன்.

லினக்ஸும் இதையேதான் செய்திருக்கிறது. எந்தக் கார்டு என்று நான் சொல்லாததால், முதலில் இருக்கும் பழைய கார்டுக்கே படத்தையெல்லாம் அனுப்பியிருக்கிறது.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். lspci புதிய கார்டின் இடத்தை 01:00.0 என்று காட்டுகிறது; அதுதான் அதன் காம்பரா நம்பர். திரை அமைப்பை எழுதிவைக்கும் xorg.conf கோப்பில், அந்தக் கார்டுக்குரிய பகுதியில், BusID "PCI:1:0:0" என்று ஒரு வரி சேர்த்தேன். படம் வந்துவிட்டது, வினாத்தாளை அச்சடித்துக்கொள்ளுங்கள்.