மதாம் வெட்டின பேர்

14-11-1986, வெள்ளி
மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்

பயத்திலை நித்திரை வருகுதில்லை.

நான் சமைக்கப் போற வீட்டு மதாம் ஸ்கொட்லாந்திலை பேர்போன மலையேறி. வயசு போன காலத்திலை தன்ரை வாழ்க்கைக் கதையை எழுதி முடிச்சிருக்கிறா. "கடைசி அத்தியாயத்திலை நீயும் இருக்கிறாய்" எண்டு இண்டைக்குச் சந்தோஷமாய் வாசிச்சுக் காட்டினா. சண்டையிலை காயப்பட்ட தம்பியை அம்மா ஊரிலை வீட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறா எண்டு நான் ஒருநாள் வெங்காயம் உரிக்கேக்கை சொன்னது அப்பிடியே கிடக்கு. என்ரை பேரும் கிடக்கு.

"இந்தப் புத்தகம் கொழும்புக்கும் போகும் மதாம். சிங்கள ஆமி அவனை உயிரோடை விடாது" எண்டன். மனுசி பதறிப்போய் என்ரை பேரை உடனையே வெட்டினா. எனக்கு அப்பதான் மூச்சு வந்தது.

ரூமுக்கு வந்து, என்னோடை இருக்கிற சிவமண்ணைக்குச் சொன்னன். லாச்சப்பல் கடையிலை நிண்டு களைச்சு வந்த மனுசன், சாப்பாட்டுக் கோப்பையைக் கீழை வைச்சிட்டார்.

"ஊர்ப் பேர் கிடக்கோ?"

"ஓம் அண்ணை. தபால்கந்தோருக்கு முன்வீடு எண்டும் கிடக்கு."

"பிறகென்னத்துக்கடா அவங்களுக்கு உன்ரை பேர்?"

விடிஞ்சதும் மதாமிட்டை ஓடவேணும். ஓடி என்ன செய்ய? எடின்பரோவிலை அச்சடிக்கிறவைக்கு அந்தப் புத்தகப் பார்சலை, வாற வழியிலை, என்ரை கையாலைதான் தபாலிலை போட்டனான்.