பௌர்ணமி வேண்டுதல்

என்னங்க,

என் இடுப்புவலி தீர என்னை வெறுங்காலில் கிரிவலம் வரவைப்பதாக நீங்கள் வேண்டிக்கொண்டதை உங்கள் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன முறை நீங்கள் அழைத்துப்போன வைத்தியர் என் முதுகில் ஏறி மிதித்தார். அதன்பின் கால்வரை இழுக்கிறது. இரவில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியே அண்ணி, மெதுவா நடந்துடுங்க" என்கிறாள்.

"துணைக்கு நீயும் வாயேன்."

"ஐயோ, அவ்ளோ தூரம் நடந்தா எனக்கு கால் வலிக்கும் அண்ணி."



பௌர்ணமியன்று நீங்கள் ஓசூரிலிருந்து வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். வலிக்கென்றே சிகிச்சை தரும் மருத்துவர் ஒருவர் வேலூரில் இருக்கிறார், அன்றுதான் வரச்சொன்னார். பஸ்ஸில் தனியாகவே போகிறேன். சாமிக்கு வாக்குக் கொடுத்தவர் நீங்கள், நீங்களே நடந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி